புரதம் குடியிருக்கும் இடம்

மனித உடலில் புரதம் செய்வதற்கான குறிப்பைத் தாங்கிய மரபணுக்கள் சுமார் 20,000. கணையத்துச் செல்லிலும் மூளைச் செல்லிலும் இருப்பது அதே தொகுப்புதான். எந்தச் செல்லில் எந்தப் புரதம் உருவாகிறது, உருவானபின் எங்கே தங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒன்று இன்சுலின் சுரக்கிறது, இன்னொன்று செய்தி கடத்துகிறது.

இதை முழுசாக வரைந்து பார்த்துவிடுவது என்று 2003இல் ஸ்வீடனில் தொடங்கியது 'ஹியூமன் புரோட்டீன் அட்லஸ்' திட்டம். தலைமை ஏற்றவர் மத்தியாஸ் ஊலென். வேலையின் அளவை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. ஒவ்வொரு புரதத்திலும் வேறெதிலும் காணாத ஒரு துண்டைத் தேடி, அதை பாக்டீரியாவில் வளர்த்து, முயலுக்கு ஊசியாகப் போட்டார்கள். முயலின் உடல் அதற்கு எதிர்ப்பொருள் தயாரிக்கும். அதைப் பிரித்தெடுத்துத் திசுவின் மேல் விட்டால், தனக்குரிய புரதத்தைத் தேடிப் பற்றிக்கொள்ளும்.

சுமார் 1 மி.மீ. குறுக்களவுள்ள திசுத் துணுக்குகளை ஒரே மெழுகுக் கட்டியில் வரிசையாக நட்டு, மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார்கள். புரதம் உள்ள இடம் பழுப்பாகும். செல்களின் உட்கரு நீலமாகத் தெரியும். இப்படங்களைப் பார்த்துக் குறிப்பெழுதியவர்களில் மும்பை நோயியல் மருத்துவர்களும் உண்டு. 2015இல் திசு வரைபடம் வெளியானது. மூளையைவிட விரையில்தான் அந்த உறுப்புக்கே உரிய புரதங்கள் அதிகம் என்பது அதில் கண்ட வியப்பு.

2017இல் இதே திட்டத்தின் எம்மா லுண்ட்பெர்க் குழு செல்லுக்குள்ளேயே நுழைந்தது. 12,003 புரதங்களில் ஏறக்குறைய பாதி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தன. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுவே. பீட்டா கேட்டனினை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லின் விளிம்பில் இருக்கையில் அண்டைச் செல்லோடு பிணைப்பை உறுதிப்படுத்துகிறது. உட்கருவுக்குள் போனால் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. பல பெருங்குடல் புற்றுநோய்களில் அது அங்கேதான் குவிந்து கிடக்கிறது. பெயர் மட்டும் தெரிந்தால் இந்த ஆபத்து கண்ணில் படாது.

ஆனால், எதிர்ப்பொருள் ஆள்மாறிப் பற்றினால் வரைபடமே பொய்யாகிவிடும். ஆகவே அந்தப் புரதத்துக்குரிய மரபணுவை அடக்கிவிட்டுச் சோதிப்பார்கள்: நிறமும் மங்க வேண்டும். புரதத்தின் வேறொரு பகுதியைப் பற்றும் இரண்டாவது எதிர்ப்பொருளும் அதே இடத்தைக் காட்ட வேண்டும். இந்தச் சோதனைகளை வைத்து ஒவ்வொரு முடிவுக்கும் நம்பகத் தரம் குறிக்கிறார்கள். 'ஐயத்துக்குரியது' என்ற கடைசித் தரத்தில் நிற்பவையும் யாரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி மற்றவற்றோடு சேர்ந்தே வெளியாகின்றன.