எண்ணெய் வந்தது, கச்சான் போனது

இடம்பெயரும்போது நீரிறைக்கும் இயந்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் நம்மில் பலர். மண்ணெண்ணெயின் அருமை நமக்கும் தெரியும், முகத்துவாரத்து மீனவருக்கும் தெரியும். 2022 ஆகஸ்டில் அது லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. எண்ணெய் இல்லாத நாட்டின் பாடு இது. எண்ணெய் உள்ள நாட்டில் கமக்காரன் சுகமாக இருக்கிறானா?

நைஜீரியாவைப் பாருங்கள். 1960இல் சுதந்திரம் பெற்றபோது கச்சானும் கொக்கோவும் பாம் எண்ணெயும் விற்றுச் சீவித்த நாடு அது. வடக்கே கானோ நகரில் கச்சான் மூடைகளைக் கோபுரம்போல அடுக்கி வைப்பார்கள். 1973இன் பின் மசகு எண்ணெய் விலை பல மடங்கானது. டொலர் குவிந்தது, நாட்டு நாணயத்தின் பெறுமதி உயர்ந்தது. கப்பலில் வந்த அரிசியும் கோதுமையும் மலிவாயின. உள்ளூர் விளைச்சல் விலைப்படவில்லை. இளைஞர் நகரத்துக்குப் போயினர். வறட்சியும் பயிர் நோயும் சேர்ந்துகொள்ள, கச்சான் கோபுரங்கள் மறைந்தன. கமக்காரனின் உழைப்பில் தங்கியிராத அரசுக்கு அவன் குரலைக் கேட்கும் தேவையும் இல்லாமற் போயிற்று. பெரிய கேடு இதுதான் என்பேன். 1980களில் எண்ணெய் விலை விழ, மிஞ்சியது கடன்.

எங்கள் மண்ணில் எண்ணெய்க் கிணறு இல்லை. ஆனால் குவைத்திலும் சவூதியிலும் வீட்டுவேலை செய்யும் எங்கள் பெண்கள் அனுப்புவது எண்ணெய்ப் பணமே. 1990 ஆகஸ்ட் 2இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்ததும், சம்பளப் பாக்கியையும் விட்டுவிட்டுப் பல்லாயிரம் பேர் திரும்பினார்கள். ஐ.நா. தடையால் ஈராக் வாங்கிவந்த எங்கள் தேயிலையும் தேங்கியது.