பனிக்கு அடியில் என்ன பாறை?

திருப்பூர் வட்டாரத்தில் போர் போடும்போது எல்லார் கவலையும் ஒன்றுதான்: பாறையில் வெடிப்பு இருக்கிறதா? ஆயிரம் அடி இறங்கியும் வெறும் புழுதி பறப்பதுண்டு. இங்குள்ள நைஸ், சார்னோக்கைட் பாறைகள் தமக்குள் நீரைத் தேக்குவதில்லை. வெடிப்பு இருந்தால்தான் ஊற்று. அடியில் இருப்பது என்ன பாறை, அது நீரை என்ன செய்கிறது என்ற இதே விசாரணைதான் அண்டார்க்டிகாவிலும் நடக்கிறது. அங்கே அது பனியின் வேகத்தைத் தீர்மானிக்கும் கேள்வி.

பனியாறு தன் எடையால் நகர்கிறது. கடினப் பாறையோடு உறைந்து ஒட்டிய பனி ஆண்டுக்குச் சில மீட்டர் ஊர்ந்தாலே அதிகம். அடியில் நீர் ஊறிய படிவு இருந்தால் கதையே வேறு; மழை நாளில் களிமண் வரப்பில் கால் வைத்தவர்களுக்கு அது புரியும். மேற்கு அண்டார்க்டிகாவில் இன்று வில்லன்ஸ் எனப்படும் பனியோடைக்கு அடியில் சில மீட்டர் தடிமனுக்கு நீர் நிறைந்த சேறு இருப்பதை, அதிர்வலைகளை அனுப்பி 1986இல் கண்டறிந்தார்கள். சரிவே இல்லாதது போன்ற அந்தப் பரப்பில், ஒரு கிலோமீட்டர் தடித்த பனி நாளுக்கு ஒரு மீட்டருக்கு மேல் வழுக்கிச் சென்ற மர்மம் அப்போதுதான் விளங்கியது. பக்கத்திலுள்ள காம்ப் பனியோடையோ சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய நின்றுவிட்டது. அடியில் மசகாக இருந்த நீர் குறைந்ததே காரணம் என்கிறார்கள்.

வில்லன்ஸின் கீழே சேற்றோடு முடியவில்லை. அதற்கும் அடியிலுள்ள தடித்த படிவுகளில் உப்பு கலந்த நிலத்தடி நீர் தேங்கியிருப்பது 2022இல் வெளியானது. அதை முழுவதும் பிழிந்து மேலே கொண்டுவந்தால் 220 முதல் 820 மீட்டர் ஆழத்துக்கு நிற்குமாம். நம் கொங்குப் பாறையில் இதை நினைத்தும் பார்க்க முடியாது. அத்தகைய பாறைமேல் பனி உருகினால், நீரில் பெரும்பகுதி பனிக்கும் பாறைக்கும் இடையிலேயே வழி தேடியாக வேண்டும்.

கொங்குப் பாறையை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. கோண்டுவானா பெருங்கண்டத்தில் தென்னிந்தியாவும் கிழக்கு அண்டார்க்டிகாவும் அருகருகே இருந்தவை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்தக் கண்டம் ஒன்றுசேர்ந்தபோது வெந்து உருமாறிய பாறைகள் கொங்கு வழியே செல்லும் பாலக்காடு–காவிரிப் பட்டையிலும் உண்டு, அங்கேயும் உண்டு. 1989இல் அமைந்த நம் மைத்ரி ஆய்வு நிலையம் நிற்கும் ஷிர்மாக்கர் பகுதியில் பனி விலகிய இடத்தில் தெரிவதும் நைஸ்தான். இந்தியாவே ஒரு காலத்தில் பனியைச் சுமந்த நிலம். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனியாறு இழுத்த கீறல்களை, மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் அருகே இரை ஊரையொட்டிய பாறையில் இன்றும் பார்க்கலாம்.

பாறை சூட்டையும் தருகிறது. கிரானைட்டிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைந்து வெளிவிடும் வெப்பம் சொற்பம்தான். ஆனால் மேலே கிலோமீட்டர் கணக்கில் பனி போர்த்தியிருக்கும்போது அது வெளியேற வழியின்றி அடிப்பனியை இளக்கும். அண்டார்க்டிகாவின் பைன் தீவுப் பனியாற்றின் அடியில் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் அகலமுள்ள கிரானைட் புதைந்திருப்பதை 2025இல் அறிவித்தார்கள். துப்புக் கொடுத்தவை, அருகிலுள்ள மலைகளின்மேல் பழைய பனி விட்டுப்போன இளஞ்சிவப்புக் கற்கள். விமானத்திலிருந்து அளந்த ஈர்ப்பு விசை அதை உறுதிசெய்தது. அண்டார்க்டிகாவிலேயே மிக வேகமாகப் பனியை இழந்துவரும் பனியாறுகளில் அது ஒன்று. அங்கே கடலில் சேரும் பனி, திருப்பூர்ப் பின்னலாடைகள் கப்பலேறும் தூத்துக்குடியின் கடல்மட்டத்தையும் உயர்த்தும். அந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் இனி இந்தக் கிரானைட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.