புலிகேசி நகரில் 'சிவகாமியின் சபதம்'

பெங்களூரில் தமிழர்கள் நெடுங்காலமாக வாழும் பகுதிகளில் ஒன்று பிரேசர் டவுன். அதற்குப் புலிகேசி நகர் என்றும் பெயர் உண்டு. அங்கே குடியிருக்கும் தமிழ்க் குமாஸ்தா ஒருவரின் வீட்டு அலமாரியில் கல்கியின் 'சிவகாமியின் சபதம்' இருந்தால், அந்த வீட்டில் ஒரு வேடிக்கை நடக்கிறது எனலாம். புத்தகத்துக்குள் புலிகேசி பகைவன். வாசலுக்கு வெளியே அவன் பெயரில்தான் ஊரே இருக்கிறது!

ஆபீசில் மதியச் சாப்பாட்டு வேளையில், "அது என்ன புத்தகம் சார்?" என்று கன்னட நண்பர் கேட்கிறார். கதையைச் சொல்லத் தொடங்கும் தமிழருக்கு, வாதாபி எரியும் கட்டம் வரும்போது நாக்குத் தடுமாறுகிறது. அவருக்கு அது வெற்றி. எதிரே இருப்பவருக்கு அது சொந்த ஊர் எரிந்த கதை.

விடாத பிடி

1944 முதல் 1946 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்த நாவல் இது. மாமல்ல நரசிம்மவர்மரும் பரஞ்சோதியும் சரித்திரத்தில் உள்ளவர்கள். சிற்பி ஆயனரும், அவர் மகள் சிவகாமியும், நாகநந்தி அடிகளும் கல்கியின் கற்பனை. ஆனால் படித்தவர்களுக்குச் சிவகாமி கற்பனை என்பது மறந்தே போகும். சிறைப்பட்ட தமிழர்களைச் சாட்டையடியிலிருந்து காப்பாற்ற அவள் வாதாபியின் நாற்சந்தியில் ஆடும் இடத்தில் கண் கலங்காதவர் குறைவு. மாமல்லர் இந்த நகரை எரித்து அழைத்துப் போகும் வரை இதைவிட்டு நகர மாட்டேன் என்பதே அவள் சபதம்.

சபதம் நிறைவேறுகிறது. காதல் நிறைவேறவில்லை. அதற்குள் மாமல்லருக்குப் பாண்டிய இளவரசியுடன் மணம் முடிந்து, குழந்தைகளும் பிறந்துவிடுகின்றன. சிவகாமி ஏகாம்பரநாதரையே கணவனாக வரித்துக்கொள்கிறாள். கடைசிப் பாகத்துக்கு ஆசிரியர் வைத்த பெயரே 'சிதைந்த கனவு'. 'ஒரு பெண்ணின் வாழ்வையும் ஒரு நகரத்தையும் பலி கொடுத்து யாருக்கு என்ன கிடைத்தது?' என்ற கேள்வி புத்தகத்தை மூடியபிறகும் மனதை அரிக்கும்.

இம்மடி புலிகேசி

நாவலின் புலிகேசி சிற்பிகளின் கையையும் காலையும் வெட்டச் சொல்லும் கொடியவன். தமிழ்த் திரையிலோ 2006-ல் வந்த 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி' மூலம் அந்தப் பெயர் சிரிப்புக்கு உரியதாகவும் ஆயிற்று. கன்னட நாட்டில் நிலைமை வேறு. அங்கே அவர் இம்மடி புலிகேசி; வடக்கே பேரரசர் ஹர்ஷரை நர்மதைக் கரையில் தடுத்து நிறுத்திய மாவீரர். 1967-ல் ராஜ்குமார் அந்த வேடத்தில் நடித்த படமே வந்தது. ஐஹொளெ என்ற ஊரில் ரவிகீர்த்தி என்ற சமணப் புலவர் 634-ம் ஆண்டு வாக்கில் பொறித்த கல்வெட்டு, புலிகேசியின் படையைக் கண்டு பல்லவர் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கியதாகக் கூறுகிறது. அதே முற்றுகைதான் கல்கியின் இரண்டாம் பாகம். ஆனால் அங்கே வீரம் மதிலுக்கு உள்ளே இருக்கிறது!

குகையில் ஆடும் சிவன்

வாதாபி என்பது இன்றைய பாதாமி. பெங்களூரிலிருந்து சுமார் 450 கிலோ மீட்டர். நாவலைப் படித்துவிட்டு அங்கே போகும் தமிழருக்குச் செம்பாறை மலையும், அகஸ்தியர் ஏரியும் பார்த்த இடம் போலவே தோன்றும். 642-ல் மாமல்லர் நகரைக் கைப்பற்றியதைச் சொல்லும் சிதைந்த கல்வெட்டு ஒன்றும் அங்கே பாறையில் இருக்கிறது. அதைப் பார்த்ததும் நெஞ்சு நிமிரும்.

ஆனால் முதலாவது குகைக்குப் போனால் வேறொன்று காத்திருக்கிறது. பதினெட்டுக் கைகளுடன் ஆடும் சிவபெருமான்! மூன்றாவது குகையில் உள்ள கல்வெட்டு 578-ம் ஆண்டைச் சேர்ந்தது. மாமல்லர் படையெடுத்து வருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சளுக்கிய நாட்டிலும் ஆயனர்கள் இருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? கலையெல்லாம் காஞ்சியில், கொடுமையெல்லாம் வாதாபியில் என்று நினைத்திருந்த வாசகர் அங்கே சற்று நேரம் பேசாமல் நிற்க வேண்டியதுதான்.

நாவலுக்குப் பின்

நாவல் முடிந்த இடத்தில் சரித்திரம் முடிந்துவிடவில்லை. புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் 655 வாக்கில் வாதாபியை மீட்டான். அதற்குச் சுமார் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியையே பிடித்தான். பழிக்குப் பழி வாங்க அதைவிட நல்ல சமயம் ஏது? அவன் காஞ்சியை எரிக்கவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதை எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அந்தச் செய்தி கன்னடக் கல்வெட்டாக அந்தக் கோயில் தூணிலேயே இருக்கிறது. பட்டாபிஷேகம் போன்ற அந்த வெற்றியின் நினைவாக அவனுடைய அரசி லோகமகாதேவி பட்டதக்கல்லில் கட்டிய விருபாட்சர் கோயிலில் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சாயலைக் காணலாம். பாதாமியிலிருந்து அது 22 கிலோ மீட்டர்தான்.

இதனால் கல்கியின் நாவல் மதிப்புக் குறைந்துவிடுமா? குறையாது. பல்லவர் காலத்தைச் சாதாரணத் தமிழர் வீட்டுக்குள் கொண்டுவந்த பெருமை அவருக்கு உண்டு. அது ஒரு பக்கத்திலிருந்து சொன்ன கதை என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும், அவ்வளவே.

அடுத்த முறை கன்னட நண்பர் "பிறகு என்ன ஆயிற்று?" என்று கேட்டால் தயங்க வேண்டியதில்லை. வாதாபி எரிந்த கதையோடு, காஞ்சித் தூணில் உள்ள கன்னட எழுத்தைப் பற்றியும் சொல்லலாம். முதல் கதையில் அவருக்கு வருத்தம் இருக்கலாம். இரண்டாவது கதையில் இருவருக்குமே பெருமை உண்டு.