ரிசல்ட் நாளுக்கு வெகு முன்பே தொடங்குவது

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் பொதுத்தேர்வு முடிவுகள் வந்த கையோடு மாணவர் தற்கொலைச் செய்திகளும் வருகின்றன. "மார்க் குறைஞ்சதுக்கா இப்படி?" என்று ஒரு வாரம் ஆற்றாமையோடு பேசுகிறோம். பிறகு பள்ளி திறந்துவிடுகிறது. தற்கொலை எண்ணம் மார்க் குறைந்த அன்று காலையில் பிறப்பது அபூர்வம். எட்டாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ உள்ளே வந்து உட்கார்ந்து, யாரும் கேட்காததால் அங்கேயே தங்கிவிட்ட எண்ணம் அது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். அந்த ஆண்டு மாநில வரிசையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நின்றது தமிழ்நாடு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் விஷயத்தில், காவல்துறை பதியும் காரணங்களில் முன்னால் நிற்பது குடும்பப் பிரச்சினை. தேர்வுத் தோல்வி அதற்குப் பின்னால்தான் வருகிறது. அந்தப் பதிவிலும் ஒரு மரணத்துக்கு ஒரு காரணம்தான் எழுதப்படுகிறது. உண்மையில் எந்தப் பிள்ளையையும் ஒற்றைக் காரணம் அந்த இடத்துக்குத் தள்ளுவதில்லை.

கோபமாகத் தெரியும் சோர்வு

பதினொன்று முதல் பதினைந்து வயது வரை உணர்ச்சி முன்னால் ஓடும். நிதானம் பின்னால்தான் வரும். நின்று யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர்ச்சி அடைய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். அதனால் இந்த வயதில் இன்றைய அவமானம் ஆயுளுக்கும் நீடிக்கப்போவது போலத் தோன்றும்.

மனச்சோர்வு என்றதும் அழுதுகொண்டு மூலையில் கிடக்கும் ஒருவரைத்தான் நினைத்துக்கொள்கிறோம். இந்த வயதுப் பிள்ளைகளிடம் அது பெரும்பாலும் எரிச்சலாக வரும். தங்கையை அடிப்பான், தட்டைத் தள்ளிவிடுவான், எதிர்த்துப் பேசுவான். திங்கட்கிழமை காலை தவறாமல் வயிறு வலிக்கும். டாக்டர் பார்த்தால் வயிற்றில் ஒன்றும் இருக்காது. ராத்திரி தூக்கம் வராது, வகுப்பில் தூங்கி விழுவான். உயிராக நினைத்த கிரிக்கெட் மட்டையைத் தொடக்கூட மாட்டான். வீட்டில் இதற்கு "திமிர்" என்று பெயர், பள்ளியில் "கவனமில்லை". இரண்டு இடத்திலும் கிடைப்பது திட்டுதான்.

வீட்டுக்குள் இருப்பவை

தினமும் குடித்துவிட்டு வரும் அப்பா, அடி, ஓயாத சண்டை, பிரிந்து வாழும் பெற்றோர், கடன்காரர் வாசலில் வந்து நிற்கும் வீடு: இவை எல்லாமே ஆபத்தைக் கூட்டுகின்றன. குடும்பத்தில் முன்பு யாராவது தற்கொலையால் இறந்திருந்தாலோ, யாருக்காவது சிகிச்சை பெறாத மனநோய் இருந்தாலோ கூடுதல் கவனம் வேண்டும். முன்பு ஒருமுறை முயன்ற பிள்ளைக்கு ஆபத்து மிக அதிகம். "சும்மா மிரட்டிப் பார்த்தான்" என்று சொல்லி அதைக் கடந்துபோய்விடக் கூடாது.

பாலியல் சீண்டலைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அதைச் செய்பவர் பிள்ளைக்குத் தெரிந்தவர், பல சமயம் உறவுக்காரர். சொன்னால் நம்ப மாட்டார்கள், குடும்பம் உடைந்துவிடும் என்று பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. ஆண் பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது. ஒரு மாமாவோ அண்ணனோ வீட்டுக்கு வந்தாலே பிள்ளை ஒளிகிறது என்றால், மரியாதை தெரியாத பிள்ளை என்று கடிந்துகொள்ளாமல் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு வேறொரு நெருக்கடி. யாரோ ஒரு பையனோடு பேசியது தெரிந்ததும் போனைப் பிடுங்கி, படிப்பை நிறுத்திவிடுவதாக மிரட்டும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. ஒரே நாளில் தோழிகள், பள்ளி, எதிர்காலம் மூன்றும் போய்விட்டதாக அவளுக்குத் தோன்றும். அந்த ராத்திரி அவளைத் தனியே விடக் கூடாது.

வகுப்பறையில் நடப்பது

விடைத்தாள் கொடுக்கும்போது மார்க்கைச் சத்தமாக வாசிப்பது, குறைவாக எடுத்தவர்களை எழுந்து நிற்கச் சொல்வது, ரேங்க் பார்த்து செக்‌ஷன் பிரிப்பது ஆகியவை நம் பள்ளிகளில் வெகு சாதாரணம். எழுத்துகள் குழம்பும் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை வருடக்கணக்கில் "மக்கு" என்ற பட்டத்தோடு அந்த வரிசையில் நிற்கிறது. இது ஒழுங்குக்கான வழி என்று நினைக்கும் ஆசிரியர்கள் தயவுசெய்து இதை நிறுத்த வேண்டும்.

சக மாணவர்களின் கேலி அதைவிடக் கூர்மையானது. நிறம், உடம்பு, திக்குவாய், நடக்கும் விதம், சாதி என எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்வார்கள். முன்பெல்லாம் பள்ளி விட்டால் கேலியும் அதோடு முடிந்தது. இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் படமாக வீடு வரை வருகிறது. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனைச் சாதிவெறியில் வெட்டிய பிறகுதான் நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைத்து, சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரை பேசினோம். கயிறு கட்டாத கேலிகள் எத்தனையோ உண்டு.

மதிய உணவு இடைவேளையில் ஒரு பத்து நிமிடம் மைதானத்தைப் பாருங்கள். கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து குழம்பையும் பொரியலையும் மாற்றிக்கொள்வார்கள். டிபன் பாக்ஸைத் திறக்காமலே தண்ணீர்க் குழாயடிக்கும் வகுப்புக்குமாக நடந்துகொண்டிருக்கும் ஒரு பிள்ளை கண்ணில் படும். தனக்கு உட்கார இடமில்லை என்பதை மறைக்கத்தான் அந்த நடை. பல நாடுகளில் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வுகளில் தற்கொலை எண்ணத்தோடு திரும்பத் திரும்பச் சேர்ந்து வருபவை தனிமை, நெருங்கிய நண்பர் இல்லாமை, சீண்டப்படுவது ஆகியவையே. மார்க் பட்டியலில் இது எதுவும் தெரியாது.

நேராகக் கேட்கலாம்

"கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ" என்று பயப்படாத பெற்றோர் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். கேட்டதால் தற்கொலை எண்ணம் கூடியதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே சோர்ந்திருந்தவர்களுக்கோ கேட்ட பிறகு மன உளைச்சல் சற்றுக் குறைந்திருந்தது.

எப்படிக் கேட்பது? மற்றவர்கள் இல்லாத நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து: "நாலு நாளா நீ சரியாவே சாப்பிடல கண்ணு. ஸ்கூல்னாலே முகம் வாடிப்போகுது. செத்துடலாம்னு எப்பவாவது தோணுச்சா?" உடனே பதில் வராது. காத்திருங்கள். "ம்" என்று வந்தால், "சொன்னியே, அதுவே நல்லது. எத்தனை நாளா இருக்கு?" என்று கேளுங்கள். "உனக்கென்ன குறை வெச்சோம்?" என்ற கேள்வி அந்த இடத்தில் கதவை அடைத்துவிடும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். டாக்டரிடம் போக வேண்டியிருக்கும். வயலுக்கு வாங்கிய மருந்தையும் தாத்தா பாட்டியின் மாத்திரைகளையும் பூட்டி, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். உச்ச நெருக்கடி பெரும்பாலும் சிறிது நேரம்தான் நீடிக்கும். அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் உயிர் தப்பும்.

ஏற்கெனவே ஒரு முயற்சி நடந்திருந்தால் போலீஸ் கேஸுக்குப் பயந்து மறைக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டனை இல்லை. டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பள்ளிகளால் முடியும்

பத்து ஐரோப்பிய நாடுகளில் 168 பள்ளிகளைச் சேர்ந்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. மாணவர்களையே நடித்துப் பார்க்கவும் பேசவும் வைத்த ஐந்து மணி நேரப் பயிற்சியால் ஓராண்டு கழித்துத் தற்கொலை முயற்சிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. பீகாரின் நாலந்தா மாவட்டப் பள்ளிகளில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களை அமர்த்தியபோது மாணவர்களின் மனச்சோர்வும் சீண்டலும் குறைந்தன. அதே வேலையை ஆசிரியர்கள் தலையில் வைத்த பள்ளிகளில் பலன் தெரியவில்லை. ஏற்கெனவே நூறு வேலை பார்க்கும் ஆசிரியருக்கு நூற்றியோராவது வேலையாக இதைக் கொடுப்பது தீர்வாகாது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் ஓர் ஆலோசகராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியிருக்கிறது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அவர் இருக்கிறாரா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். மார்க்கைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.

இதைப் படிக்கிற நீயே அப்படி நினைத்துக்கொண்டிருந்தால், இன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்லிவிடு. அம்மா, மிஸ், பக்கத்து வீட்டு அக்கா என்று யாராக இருந்தாலும் சரி. முதலாமவர் காதில் வாங்காவிட்டால் இரண்டாமவரிடம் சொல். போனில் பேச இந்த எண்கள் இருக்கின்றன: மத்திய அரசின் டெலி மானஸ் 14416 (இலவசம், 24 மணி நேரம், தமிழில் பேசலாம்), தமிழ்நாடு அரசின் 104, குழந்தைகளுக்கான 1098, சென்னை சினேகா 044-24640050.