அச்சுத் தரவோட்டத்தில் எழுத்தும் படமும்: ஒரு குறிப்பு

மானிப்பாயில் 1834 இல் அமெரிக்க மிஷன் அச்சகம் இயங்கத் தொடங்கியது. 1841 இல் தோன்றிய உதயதாரகை தமிழையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே தாங்கி வந்தது. அக்கால அச்சுக்கோப்பாளர் ஈய எழுத்துகளையும் படக்கட்டைகளையும் கோட்டுத் தகடுகளையும் ஒரே இரும்புச் சட்டத்துள் இறுக்கிப் பூட்டினார். மை தடவியபின் யந்திரத்துக்கு எல்லாம் ஒன்றே. எது எழுத்து, எது படம் என்னும் அறிவு தொழிலாளியின் கையோடு நின்றுவிட்டது.

இன்று வங்கிக் கணக்குக் கூற்றுகளும் காப்புறுதிப் பத்திரங்களும் இலட்சக்கணக்கில் அச்சாகும் இடங்களில், அவ்வறிவு அச்சுப்பொறிக்குச் செல்லும் தரவோட்டத்துள்ளேயே வைக்கப்படுகிறது. 1980களில் ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய அமைப்பை நாம் எடுத்துக்கொள்ளலாம். அதிற் பக்கம் ஒரு கொள்கலம். அதனுள் எழுத்து, படிமம், வரைவு, பட்டைக்குறி என்பன தனித்தனிக் கூறுகள். எழுத்து குறியெண்களாகச் செல்கிறது. படிமம் புள்ளிகளின் நிரலாக, பெரும்பாலும் சுருக்கப்பட்டுச் செல்கிறது. வரைவோ 'இங்கிருந்து அங்கே கோடிடுக' என்பது போன்ற கட்டளைகளின் தொகுதி. பட்டைக்குறிக்கு உரிய எண்ணும் அதன் வகையும் மாத்திரம் அனுப்பப்படும். பட்டைகளைப் பொறியே வரைந்துகொள்ளும். தான் பக்கத்தில் எங்கே, எவ்வளவு பரப்பில் அமையவேண்டும் என்னும் விவரத்தையும் ஒவ்வொரு கூறும் உடன்கொண்டு வருகிறது. எழுத்துருக்களும் படிவங்களும் பெயரால் அழைக்கப்படும் பொதுவளங்கள். ஒருமுறை பொறியில் இறக்கினால் ஆயிரம் பக்கங்களுக்கு உதவும். பெருந்தொகை உற்பத்தியின் சிக்கனக் கணக்கே இவ்வமைப்பின் வடிவத்தை நிர்ணயித்தது என்பதில் ஐயமில்லை.

அக்கணக்கில் ஆரம்பத்தில் தமிழ் இடம்பெறவில்லை. ஒரு குறியெண்ணுக்கு ஓர் உருவம், இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்று என்பது உரோம எழுத்துக்குப் பொருந்திய ஏற்பாடு. 'கொ' என்பதை நோக்குக. யூனிகோட் முறையிற் ககரம் முன்னும் ஒகரக்குறி பின்னும் வரும். தாளிலோ கொம்பு முன்னும் கால் பின்னுமாக அக்குறி இரண்டாகப் பிரிந்து நிற்கும். அச்சுக்கோப்பாளருக்கு இதில் இடரில்லை; கண்ட வரிசையிற் கோத்தார். ஈழத்திற் பெரிதும் பரவிய பாமினி எழுத்துருவும் அவ்வழியையே பின்பற்றியது. ஆனால் அதிற் கணினியின் நினைவிலுள்ள 'கொ' உண்மையில் என், எஃப், எச் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளே. அவ்வுரு இல்லாத பொறியில் அவையே அச்சாகும்!

இத்தகைய எழுத்துமுறைகளுக்கெனப் பின்வந்த விரிவாக்கங்கள் யூனிகோட் கட்டளைகளைச் சேர்த்தன. அவ்வசதியற்ற பொறிகளுக்கு எளிய வழி, தமிழ் வரியைப் படமாக்கி அனுப்புவது. தாளிற் குறையெதுவும் தென்படாது. எனினும் சேமித்துவைத்த அப்பக்கத்தில் ஒருவர் பெயரைத் தேட முடியாது. பார்வையற்றவருக்குக் கணினி அதனை வாசித்துக் காட்டவும் மாட்டாது. ஆங்கில வாடிக்கையாளர் எழுத்தாகவும் தமிழர் படமாகவும் பதிவாகும் இந்நிலையை வெறும் தொழில்நுட்பக் குறையெனக் கொள்ள நாம் தயங்குகிறோம்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை அறிந்த நமக்கு இவ்வேறுபாடு மிக நெருக்கமானது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கப் படங்களாகக் காத்துவருகிறது. அப்பணியின் அருமையை எவரும் மறுக்கார். ஆயின் படத்தை எழுத்தாக்க மீண்டும் ஒருவர் அமரவேண்டும். எழுத்துணரி மென்பொருள் முதற்படியைத் தரும். ரகரமும் காலும் ஒரே வடிவில் நிற்கும் பழைய அச்சில், எது எதுவெனத் தீர்மானிப்பவர் மெய்ப்புப் பார்ப்பவரே.