மோதிரத்தில் இருந்தது நீலமா? சையனைட் பாறையும் அதன் கற்களும்



சங்ககால வணிகம் பற்றிய கட்டுரைப் பயிற்சி. பதிற்றுப்பத்தின் 67, 74ஆம் பாடல்களில் வரும் கொடுமணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். படிவம் 5 மாணவன் ஒருவன், மஸ்ஜித் இந்தியாவில் தாத்தா வாங்கிய நீலக்கல் மோதிரத்தைக் காட்டி, “டீச்சர், கொடுமணல் நீலம் இதுதானா?” என்றான். “ஆமாம்பா, அதேதான்” என்று சொல்லிவிட்டேன். தப்பாகச் சொல்லிவிட்டேன்.

கொடுமணம் என்பது இன்று ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணல். அங்கே மணி செய்யப் பயன்பட்ட நீலக்கல், காங்கேயம் அருகிலுள்ள சிவன்மலைப் பகுதியிலிருந்து வந்தது என்பது ஆய்வாளர் கருத்து. சிவன்மலைப் பாறைதான் சையனைட். (சயனைடு நஞ்சோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், எகிப்தின் சையீன் என்ற ஊர்ப்பெயரால் வந்த சொல் இது.) இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ஹாலந்து 1901இல் இந்தப் பாறையை விரிவாக விவரித்தார்.

பார்க்க கிரானைட் மாதிரிதான் இருக்கும். ஆனால் குவார்ட்ஸ் மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. பாறைக்குழம்பில் சிலிக்கா பற்றாதபோது சோடியமும் அலுமினியமும் நெஃபெலினாக மாறும். குளோரினும் சேர்ந்தால் சோடாலைட். அலுமினியம் மிஞ்சினால் ஆக்சிஜனோடு சேர்ந்து குருந்தமாகும். நீலம், மாணிக்கம் இரண்டும் குருந்தத்தின் வகைகளே. ஆங்கிலத்தில் வழங்கும் ‘கொரண்டம்’ நம் குருந்தத்திலிருந்து போன சொல். இதை மாணவர்கள் அவசியம் குறித்துக்கொள்ளுங்கள்.

சேகரிக்கிற முறையும் கல்லுக்குக் கல் வேறு. குருந்தத்துக்குப் பாறையை உடைக்கவே வேண்டாம். பாறை சிதைந்தாலும் அது சிதையாது. அடிவார மண்ணில் ஆறு பக்கப் பீப்பாய் வடிவில், கையில் கனமாக, கிடைக்கும். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டுத் தேட வேண்டும்.

சோடாலைட் அப்படியல்ல. ராஜஸ்தானின் கிசன்கர் சையனைட்டில், புதிதாக உடைத்த சோடாலைட் ரோஜா நிறத்தில் இருக்கும். வெயில் பட்டதும் வெளுத்துவிடும். அதனால் உடனே கறுப்புத் தாளில் சுற்றி வைக்க வேண்டும். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் 2017இலிருந்து, இரவில் புறஊதா விளக்கோடு போய்த் தேடுகிறார்கள். சாம்பல் நிறக் கூழாங்கல்லுக்குள் சோடாலைட் நெருப்புத் துண்டு மாதிரி ஆரஞ்சாக ஒளிரும்.

மோதிரத்துக்கு வருகிறேன். தாத்தாவின் சம்மதத்தோடு கல்லின் அடிப்புறத்தைக் குவார்ட்ஸ் துண்டால் மெல்லக் கீறினோம். கோடு விழுந்தது. குவார்ட்ஸின் கடினம் 7, குருந்தத்தின் கடினம் 9. ஆக, அது நீலமாக இருக்க முடியாது. ரிங்கிட் நோட்டைச் சோதிக்கும் விளக்கில் ஆங்காங்கே ஆரஞ்சு தெரிந்தது. சோடாலைட்டாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

“நிறம் நல்லாத்தானே இருக்குன்னு தாத்தா திரும்பப் போட்டுக்கிட்டாரு டீச்சர்” என்றான் மாணவன். வகுப்புக் குறிப்பேடுகளில் இருந்த என் பழைய பதிலை மட்டும் அடித்துத் திருத்தச் சொன்னேன்.