செங்கல் வரலையே... ரத்தம் எப்படி ஊறும்?

'உடம்புல ரத்தம் கம்மியா இருக்கு'ன்னு டாக்டர் சொன்னா போதும்... பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, அயர்ன் மாத்திரைன்னு வீட்டுல லிஸ்ட் ரெடியாயிடும். பல நேரம் அது சரியான வைத்தியம்தான். ஆனா, இரும்புச்சத்து, வைட்டமின் பி12, ஃபோலிக் ஆசிட்னு எதைக் கொடுத்தாலும் அசைஞ்சு கொடுக்காத ஒரு ரத்தசோகை இருக்கு ஃப்ரெண்ட்ஸ்!

அமெரிக்காவில் டாக்டர் சார்லஸ் ஹியூகுலியும் சகாக்களும் 1959-ல் அப்படி ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார்கள். வழக்கமான மருந்து எதுவும் எடுபடவில்லை. ஒரே ஒரு க்ளூ மட்டும் சிக்கியது. குழந்தையின் சிறுநீரில் ஒரோடிக் அமிலம் ஏகத்துக்கும் வெளியேறிக்கொண்டு இருந்தது!

சூளை ரிப்பேர்!

அதென்ன ஒரோடிக் அமிலம்? டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டுமே நம் செல்கள் கட்டும் கட்டடங்கள். அதற்குப் 'பிரிமிடின்' என்ற வகை செங்கல் வேண்டும். ஒரோடிக் அமிலம் வேகாத பச்சைக்கல் மாதிரி. அதைச் சுட்டெடுக்கிற சூளைதான் யூ.எம்.பி. சிந்தேஸ் என்ற என்சைம். பிறவியிலேயே இதில் கோளாறு இருந்தால், பச்சைக்கல் குவிந்து சிறுநீரில் போய்விடும். கட்டடத்துக்குக் கல் வராது.

எலும்பு மஜ்ஜை ஓயாமல் புது ரத்த செல்களை உருவாக்குகிற இடம். செங்கல் இல்லாவிட்டால் செல் வளரும், ஆனால் இரண்டாகப் பிரிய முடியாமல் முழிக்கும். விளைவு... பெருத்துப்போன, எண்ணிக்கையில் குறைந்த செல்கள். பி12-ம் ஃபோலிக் ஆசிட்டும் கொத்தனார்கள்தான். கல்லே இல்லாம கொத்தனார் என்ன பண்ணுவார், பாவம்!

வெளியிலிருந்து ஒரு லோடு

ஈஸ்டிலிருந்து எடுத்த யூரிடிலிக், சைட்டிடிலிக் அமிலக் கலவையை ஹியூகுலி குழு கொடுத்துப் பார்த்தது. ரத்தம் தேறியது! 1965-ல் நியூசிலாந்து டாக்டர்கள் பெக்ராஃப்ட், பிலிப்ஸ் இருவரும் இதே நோய் வந்த இரண்டாவது குழந்தைக்கு யூரிடின் கொடுத்தார்கள். அங்கேயும் ரிசல்ட் பாசிடிவ்.

யூரிடின் சுட்ட செங்கல். சூளைப் பக்கமே போகாமல் நேராகக் கட்டட வேலைக்குப் போய்விடும். இன்னொரு லாபமும் உண்டு. சுட்ட கல் வந்து இறங்கியதும், பச்சைக்கல் அறுக்கிற வேலையை உடம்பே குறைத்துக்கொள்ளும். சிறுநீரில் ஒரோடிக் அமிலமும் குறைந்துவிடும்.

இதன் மேம்பட்ட வடிவமான யூரிடின் ட்ரைஅசிடேட்டுக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2015 செப்டம்பரில் அனுமதி கொடுத்தது. சோதனையில் கலந்துகொண்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 4! நோய் அவ்வளவு அரிது.

நாலு பேருக்காகவா இத்தனை உழைப்பு?

அப்படி நினைச்சுடாதீங்க. அதே ஆண்டு டிசம்பரில் இதே மருந்து இன்னொரு வேலைக்கும் அனுமதி வாங்கியது. 5-எஃப்.யூ. என்ற புற்றுநோய் மருந்து, செங்கல் மாதிரியே இருக்கும் டூப்ளிகேட். புற்றுநோய் செல்லை ஏமாற்றத்தான் கொடுக்கிறார்கள். டோஸ் எகிறினால் நல்ல செல்லும் சாகும், ஆளும் போகலாம். அப்போது அசல் செங்கல்லைக் கொட்டி, டூப்ளிகேட்டை ஓரங்கட்டி, உயிரைக் காப்பாற்றுகிறது யூரிடின் ட்ரைஅசிடேட்!

ரத்தசோகைங்கிறது பேர் ஒண்ணு, காரணம் நூறு. ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் தோழி சாப்பிடுற மாத்திரையை நீங்களும் வாங்கி முழுங்காதீங்க. மாதக்கணக்குல மாத்திரை போட்டும் சோர்வு போகலையா? 'எனக்கு என்ன குறையுது?'ன்னு டாக்டர்கிட்டே கேளுங்க. அந்தக் குழந்தைகளின் ரத்தசோகைக்கு விடை தேடித் தந்ததும் இந்தக் கேள்விதான்!